புதன்கிழமை ராகு காலம்

வெள்ளவத்தை,
12.01.2025

அன்புள்ள தம்பி சுகிர்தனுக்கு,

இங்கே நானும் அத்தானும் மகள் தாரிகாவும் நல்ல சுகம். அத்தானுக்கு இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூடிக் குறைகிறது. அதைக் கேட்டால் அவர் கோபிப்பார், ஆகவே நீ கேட்காதே. நீயும் ரஜனியும் அந்த மழை ஊரில் தடிமன், இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா?

இந்தக் காலத்தில் அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். என் போனுக்கு வருவதெல்லாம் தாரிகாவின் லப்டொப்பிலும் விழுகிறது. இரண்டையும் இணைத்துப் பூட்டித் தந்தவளே அவள்தான். எப்படிக் கழற்றுவது என்று அவளிடமே கேட்க முடியுமா? கூப்பிட்டுக் கதைக்கலாம் என்றால் நீ "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு ரஜனியிடம் போனைக் கொடுத்துவிடுவாய். கடிதம் என்றால் இந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். கரண்ட் பில் என்று நினைத்து என் மேசையில் போட்டுவிட்டுப் போவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை ருஷ்தா என்று ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும், நல்ல மரியாதையான பிள்ளை. கொலை செய்யப்பட்ட ராப் பாடகர்களைப் பற்றி ஐந்து பாகத்தில் ஆவணப்படம் எடுக்கிறாளாம். யார் கொன்றது என்று இன்றுவரை பிடிபடாத இரண்டு கொலைகள். ஒருவன் 'கினி', அதாவது நெருப்பு, என்ற பெயரில் சிங்களத்தில் பாடிய கொலன்னாவைப் பையன். மற்றவன் எங்கள் றேமண்ட்.

பதின்மூன்று வருடத்துக்கு மேலாக நீயும் நானும் இந்தப் பெயரைச் சொல்லிக் கதைத்ததில்லை. 'அலவாங்கு' என்று கடப்பாரையின் பெயரைத் தனக்குத் தானே பட்டமாக வைத்துக்கொண்டு, எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டுப் பின்னறையில், ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்துவிட்டு அவன் கத்த, நீ கொம்பியூட்டரில் பதிந்துகொண்டிருப்பாய். கினியும் அவனும் பாட்டிலேயே ஒருவரை ஒருவர் கிழித்தார்கள். அதைக் கேட்க ஊரெல்லாம் ஆட்கள். அதனால்தானே அவனைக் கொலன்னாவை ஆட்கள் சுட்டார்கள், ஆறு மாதம் கழித்துக் கினியைக் கொட்டாஞ்சேனை ஆட்கள் சுட்டார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

ருஷ்தா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அவர் கடைசியா இருந்தது உங்கட வீட்டிலதானே அக்கா. அண்டைக்குப் பின்னேரம் என்ன நடந்தது எண்டு ஒரு பத்து நிமிஷம் கதைச்சாப் போதும்."

வந்தான், இருந்தான், போனான், அவ்வளவுதான் பிள்ளை என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். உன்னையும் தேடுவாள். நீயும் அப்படியே சொல்லிவிடு. ரஜனிக்கு என் அன்பைச் சொல்லு. காதை மூடித் தொப்பி போட்டுக்கொள்.

அன்புடன்,
வதனி அக்கா

---

பேர்கன், நோர்வே
02.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு பேரும் சுகம். அத்தானின் சீனியைப் பற்றி நான் கேட்கவில்லை.

ருஷ்தா என்னை ஏற்கனவே தேடிப் பிடித்துவிட்டா. அதோடு படத்தின் முன்னோட்டமும் வெளிவந்துவிட்டது. இரண்டு நிமிடம்தான். அதில் என்னுடைய பழைய படம் ஒன்று வருகிறது. அதன் கீழே ஆட்கள் எழுதியிருப்பதை நீங்கள் வாசிக்கவில்லை போல. 'எந்த நாளும் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனவன் அன்றைக்கு மட்டும் ஏன் போகவில்லை? இரண்டே மாதத்தில் எப்படி வெளிநாடு போனான்? காட்டிக் கொடுத்தவன் அவன்தான்.' இதுதான் திரும்பத் திரும்ப இருக்கிறது. நான்காம் பாகம் முழுக்க என்னைப் பற்றித்தானாம். அதற்கு 'வராத கூட்டாளி' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

இங்கே தமிழ் ஆட்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நான் ஓட்டுகிற பஸ்ஸில் தினமும் ஏறுகிற ஒரு தமிழ்ப் பையன், முன்பு வணக்கம் அண்ணா என்பான். இப்போது என் சட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்துவிட்டுப் பின்சீட்டில் போய் இருக்கிறான். ரஜனி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நல்லது என்று இருக்கிறது.

அந்தக் கொம்பியூட்டரில் இருந்து நான் கழற்றிக் கொண்டுவந்த டிஸ்க்கையும் ருஷ்தா கேட்கிறா. அது நிலக்கீழ் அறையில் ஒரு பெட்டியின் அடியில் கிடக்கிறது. றேமண்ட் செத்த பிறகு ஒரு நாளும் அதைத் திறந்து பார்க்கவில்லை. கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, அன்றைக்கு நான் வகுப்புக்குப் போனேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதை மட்டும் அவவிடம் சொல்லிவிடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

சுகமாக இருங்கள்.
சுகி

---

வெள்ளவத்தை,
23.02.2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று அத்தானுக்குக் காய்ச்சல். இப்போது சுகம். சிவராத்திரிக்குக் கோயிலில் உன் பெயருக்கும் ஒரு அர்ச்சனை செய்ய இருக்கிறேன். நட்சத்திரம் மாறிச் சொல்லிவிடுவேனோ என்று பயப்படாதே, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

முன்னோட்டத்தின் கீழே இருந்ததைத் தாரிகாவின் போனில் வாசித்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உன்னைத் தெரியாத நாய்கள் உன்னைப் பற்றிக் குரைக்கின்றன. உடனே ருஷ்தாவைக் கூப்பிட்டு, என் தம்பி அன்றைக்குப் பம்பலப்பிட்டியில் கணக்கியல் வகுப்பில் இருந்தவன் என்று சொன்னேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது. வகுப்பில் வரவு பதிந்த புத்தகத்தையே தேடி எடுத்து வைத்திருக்கிறாள்.

"மூண்டு கிழமையா வகுப்புப் பக்கமே போகாதவர், அண்டைக்கு மட்டும் ஏன் அக்கா போனவர்?" என்று கேட்டாள்.

அடுப்பில் கறி அடிப்பிடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. ரஜனி கேட்ட மிளகாய்த்தூளைத் தெரிந்த ஆட்கள் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா

---

பேர்கன்,
16.03.2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். பனி கரைந்துவிட்டது, மழை விடவில்லை.

அதே கேள்வியை ருஷ்தா என்னிடமும் கேட்டா. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டேன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போது வேண்டாம், பிறகு கேட்கிறேன்.

அத்தானின் காய்ச்சல் போய்விட்டதா?

சுகி

---

வெள்ளவத்தை,
06.04.2025

அன்புள்ள தம்பி சுகிர்தனுக்கு,

எல்லோரும் சுகம். வருடப்பிறப்பு வருகிறது. அதற்கு முதல் இதை எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

நீ என்ன கேட்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். நீ கேட்கும்வரை காத்திருந்தால் நான் இன்னொரு கறியை அடிப்பிடிக்க விடுவேன். ஆகவே நானே சொல்கிறேன்.

அன்று 2011 ஓகஸ்ட் 17, புதன்கிழமை. பகல் இரண்டரைக்கு றேமண்ட் வந்தான். மூன்று மணிக்கு நீங்கள் இரண்டு பேரும் அவனுடைய மோட்டார் சைக்கிளில் கொலன்னாவைக்குப் போய்க் கினியைச் சந்திக்கப் போகிறீர்கள் என்று குசினியில், அடுப்படியில் நின்ற எனக்குக் கேட்டது. உனக்கு நான்கு மணிக்கு வகுப்பு. மூன்று கிழமையாக நீ போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து ஒவ்வொரு நாளும் கூப்பிட்டுத் தம்பி படிக்கிறானா என்று கேட்பா. ஓம், ஓம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போயிருந்தது. உன்னை அந்த மோட்டார் சைக்கிளில் இருந்து எப்படி இறக்குவது என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது.

றேமண்ட் கிறிஸ்தவன், வேதக்காரப் பெடியன். அவனுக்கு ராகு காலம், எமகண்டம் ஒன்றும் தெரியாது. ஆனால் நான் சொன்னால் மறுக்கமாட்டான். வெளியே வந்து அவனிடம் சொன்னேன். "தம்பி, மூண்டில இருந்து நாலரை வரைக்கும் ராகு காலம். இப்ப வெளிக்கிடாதை. இருந்து வடை சாப்பிட்டிட்டு ஆறுதலாப் போ." பின்னறைப் பக்கம் திரும்பி உன்னிடமும் சத்தமாகச் சொன்னேன். "இவன் நாலரைக்குத்தான் போவான். நீ சும்மா இருக்காமல் வகுப்புக்குப் போ."

நீ பையை எடுத்துக்கொண்டு போனாய். அவன் இருந்தான். நாலரைக்கு வெளிக்கிட்டு, ஜம்பட்டா வீதித் திருப்பத்தில் ஐந்து மணியாகும் முன்னே சுடுபட்டான்.

மூன்றில் இருந்து நாலரை செவ்வாய்க்கிழமை ராகு காலம், தம்பி. புதன்கிழமைக்குப் பன்னிரண்டில் இருந்து ஒன்றரை. அவன் வந்தபோதே அது முடிந்துவிட்டது. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பொய் சொன்னேன். அவன் மூன்று மணிக்கே போயிருந்தால் இன்றைக்கு அவனுக்கும் நாற்பது வயது நெருங்கியிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று பின்னேரம் செய்தி வந்த பிறகு, வீட்டு நடைச் சுவரில் இருந்த நாட்கலண்டரைக் கிழிக்க ஓடினேன். என் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் நேரம் அதில் அச்சாகியிருந்ததே. ஆனால் புதன்கிழமைத் தாள் அதில் இல்லை. யாரோ கிழித்துவிட்டார்கள், வியாழன் தெரிந்தது. நான் கிழிக்கவில்லை. அத்தான் அதுவரை வீட்டுக்கு வரவே இல்லை. நீதான் கிழித்தாய், உனக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் இரண்டு மாதத்தில் என்னை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போனாய் என்று இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறேன். போனில் நீ ஓம் அக்கா என்று சொல்லும்போதெல்லாம் அதுதான் நினைவில் வரும்.

ருஷ்தாவிடம் இதைச் சொல்லப் போகிறேன். உன்னை நான்தான் வகுப்புக்கு அனுப்பினேன் என்று ஊர் தெரிந்துகொள்ளட்டும். ஊர் என்னை என்ன சொன்னாலும் சரி. றேமண்டின் தாய் மெற்றில்டா அன்ரி பார்ப்பாவே என்பதுதான் பயம். உன்னைப் பற்றிய பயம் அதைவிடக் கூட.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வதனி

---

வெள்ளவத்தை,
25.05.2025

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று ரஜனி போனில் சொன்னாள். அது போதும் என்று இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஏழு கிழமையாகிவிட்டது. தபால்காரரை வழிமறித்துக் கேட்டு, இப்போது அவர் என்னைக் கண்டால் அடுத்த ஒழுங்கையால் போகிறார்.

பேட்டி கொடுத்துவிட்டேன். அதற்கு முதல்நாள் அத்தானையும் தாரிகாவையும் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். தாரிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான், "அப்ப எனக்கும் எத்தினை நாள் பொய் ராகு காலம் சொன்னனி?" என்று கேட்டார். எண்ணிக்கை தெரியாது என்று சொன்னேன். நல்ல மனிதர்தான், என்ன செய்ய.

கமராவுக்கு முன்னால் நான் அழவில்லை. உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். ருஷ்தாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மெற்றில்டா அன்ரி படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, நேரே போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு தரம் கொட்டாஞ்சேனைக்கு வெளிக்கிட்டு பஸ் தரிப்பிடம் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

ஏசியாவது ஒரு கடிதம் போடு.

அக்கா

---

பேர்கன்,
22.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். பதில் எழுதாததற்குக் கோபம் காரணம் இல்லை. ஒன்பது கடிதம் எழுதிக் கிழித்தேன். இது பத்தாவது.

கலண்டரை நான் தொடவில்லை. ஆனால் நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

நானும் அம்மாவின் பிள்ளைதானே. புதன் பன்னிரண்டு, வியாழன் ஒன்றரை என்று சின்ன வயதிலேயே பாடமாக்கியவன். நீங்கள் மூன்றில் இருந்து நாலரை என்று சொன்னவுடனே எனக்குச் சிரிப்பு வந்தது. டேய், அக்கா உன்னைப் பேய்க்காட்டுறா, வா போவம் என்று ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள். எனக்குப் பயம். கொலன்னாவைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. கினியோடு சண்டையை முடித்து இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுச் செய்ய வேண்டும் என்பது றேமண்டின் திட்டம். ஊருக்கு அது தெரியாது. கினி நல்லவன் என்று அவன் சொன்னான். எனக்கு நம்பிக்கை இல்லை. நான் வரவில்லை என்று சொல்லவும் வெட்கம். அந்த நேரத்தில் நீங்கள் ராகு காலத்தைக் கொண்டுவந்து தந்தீர்கள். பையை எடுத்துக்கொண்டு நல்ல பிள்ளை போல வெளிக்கிட்டேன். படியால் இறங்கும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிக்காது.

உங்களை விட்டு ஓடவில்லை, அக்கா. அந்தப் படியை விட்டுத்தான் ஓடினேன். உங்களிடம் கேட்க இருந்தது இதுதான்: எனக்குத் தெரியும் என்று உங்களுக்குத் தெரியுமா?

ருஷ்தாவுக்கு இதை எழுதிவிட்டேன். டிஸ்க்கையும் அனுப்பிவிட்டேன். இனி அதில் எதை மறைப்பது?

அத்தானுக்கும் தாரிகாவுக்கும் என் அன்பு.
சுகி

---

வெள்ளவத்தை,
13.07.2025

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு நாலு தரம் வாசித்தேன். இவ்வளவு காலமும் ஒரே கல்லை இரண்டு பேரும் ஆளுக்கொரு நாட்டில் சுமந்திருக்கிறோம். மடையா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானும் மடைச்சிதான்.

இப்போது நான் சொல்வதை இருந்து வாசி. பஸ் ஓட்டிக்கொண்டு வாசிக்காதே.

ஜம்பட்டா வீதித் திருப்பத்தில் அப்போது டயர் ஒட்டும் கடை வைத்திருந்த ஹஸன் நானாவை உனக்கு நினைவிருக்கும். சம்பவத்துக்கு அடுத்த நாளே கடையைப் பூட்டிவிட்டுப் புத்தளத்துக்குப் போய்விட்டார். பயத்தில் இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. என் பேட்டியைப் படமாக்கிய பிறகு, எத்தனை மணிக்கு யார் எங்கே நின்றார்கள் என்று ருஷ்தா திரும்பவும் தேடத் தொடங்கியிருக்கிறாள். அவரைப் புத்தளத்தில் கண்டுபிடித்து, அவர் சொன்னதை எனக்குப் போட்டுக் காட்டினாள்.

சுட்ட இரண்டு பேரும், மத்தியான லுஹர் தொழுகை முடிந்து அவர் கடை திறந்தபோதே அங்கே வந்து நின்றார்களாம். அப்போது இரண்டு மணிகூட ஆகவில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பி வைத்துவிட்டு எங்கள் ஒழுங்கையையே பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். றேமண்ட் ஒழுங்கைக்குள் வந்ததையும் பார்த்திருக்கிறார்கள், அவர்கள் எழும்புமுன் அவன் வீட்டுக்குள் போய்விட்டானாம். காற்றுப் பார்க்க வேண்டுமா என்று நானா கேட்டதற்கு, ஆள் திரும்பி வரும் வரைக்கும் நிற்கிறோம் என்று சொன்னார்களாம். மூன்று மணி நேரம் அங்கேயே நின்றார்கள். யார் என்று அவருக்குத் தெரியாது. அது இன்னும் ஒருவருக்கும் தெரியாது.

விளங்குகிறதா? மூன்று மணிக்குப் போயிருந்தாலும் அவர்கள் அங்கேதான் நின்றார்கள். அவன் போக வேறு வழி இல்லை. நீ அவனுக்குப் பின்னால் இருந்திருப்பாய். அம்மாவுக்கு நான் எப்படிச் சொல்லியிருப்பேன்?

அத்தான் இதைக் கேட்டுவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். உன்னில் அவருக்கு அவ்வளவு விருப்பம் என்று எனக்கே தெரியாது.

வயிறாரச் சாப்பிடு. நன்றாக நித்திரை கொள்.
அக்கா

---

பேர்கன்,
03.08.2025

அன்புள்ள அக்கா,

சுகம். நீங்கள் சொன்னபடி டிப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டுத்தான் வாசித்தேன். ரஜனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடிதத்தைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டு இருந்தாள்.

எங்களால் அவன் சாகவில்லை. அதை நம்புகிறேன். நெஞ்சில் இருந்து பெரிய பாரம் இறங்கியது உண்மை. ஆனாலும் ஒன்று மிஞ்சுகிறது, அக்கா. அவனுடைய கடைசிப் பின்னேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவனை ஏமாற்றினோம். எங்களை நம்பி இருந்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மெற்றில்டா அன்ரியிடம் போனீர்களா?

சுகி

---

வெள்ளவத்தை,
31.08.2025

என் அன்புத் தம்பி சுகிக்கு,

எல்லோரும் நல்ல சுகம். உண்மையாகவே நல்ல சுகம். இதை எழுதுவதற்கென்று கடைக்குப் போய் நல்ல பேனை ஒன்று வாங்கினேன்.

போன செவ்வாய்க்கிழமை ருஷ்தா என்னைக் கொள்ளுப்பிட்டியில் இருக்கும் தங்கள் அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். போனால் அங்கே மெற்றில்டா அன்ரி இருக்கிறா. கறுப்புக் கைப்பை மடியில், செபப்புத்தகம் கையில். தப்ப வழியில்லை என்று தெரிந்ததும் கதிரையில் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு இருந்தா. பிறகு, "இரு பிள்ளை, கால் நோகும்" என்றா. கோபமா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ருஷ்தா சொன்னாள், உன் டிஸ்க்கில் அன்றைய தேதியில் ஒரு பதிவு இருக்கிறதாம். நீ வகுப்புக்குப் போன பிறகு, றேமண்ட் தனியே பின்னறைக்குள் போய் மைக்கைப் போட்டிருக்கிறான். இரண்டு நிமிடம். பாட்டு இல்லை, உனக்குச் சொல்லி வைத்திருக்கிறான். எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். தாரிகாவைக் கொண்டு அதை உனக்கும் அனுப்புவிப்பேன். ஆனால் முதலில் என் கையெழுத்தில் வாசி, சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டு வந்தேன்.

"சுகி, மச்சான், இப்ப மூண்டே கால். நீ வகுப்புக்குப் போயிட்டாய். அக்கா ராகு காலம் எண்டு சொன்னா. வேதக்காரன், இவனுக்கென்ன தெரியும் எண்டு நினைச்சிட்டா. கலண்டர்ல கிடக்குதடா. இண்டைக்குப் புதன். பன்னிரண்டில இருந்து ஒண்டரை. அக்கா சொன்னது நேத்தையான், செவ்வாய்க்கிழமை நேரம். உன்னைப் படிக்க அனுப்பத்தான் மனுசி இவ்வளவு பாடுபடுது. நல்லாப் படிடா. நீ ரெக்கோர்ட் பண்ணுற லட்சணத்துக்கு உனக்குக் கணக்குத்தான் சரி. நான் நாலரைக்கே போறன், அவசரமில்லை. கலண்டர்த் தாளை நான் கிழிச்சுப் பொக்கற்றில வைச்சிட்டன். உன்ர அத்தான் வந்து பாத்தாரெண்டா அக்காட பொய் பிடிபட்டிடும். சரி, வடை வாசம் வருது."

பிறகு கதிரை இழுபடும் சத்தம். கதவு. தூரத்தில் என் குரல், உப்புக் காணுமா, அளவாக இருக்கா பார் என்று சொல்கிறேன். அவ்வளவுதான்.

நான் அங்கேயே குழறி அழுதுவிட்டேன். ஏமாந்தது யார், தம்பி? அவனுக்கு எல்லாம் தெரியும். உன்னை வகுப்புக்குப் போக விடத்தான் அவனும் நினைத்திருக்கிறான். எனக்காக இருந்திருக்கிறான்.

நான் அழுது முடிக்கும்வரை மெற்றில்டா அன்ரி பொறுத்திருந்தா. பிறகு செபப்புத்தகத்தை விரித்து, நடுவில் இருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தா. நாலாக மடித்த மடிப்பு இன்னும் இருக்கிறது. புதன், 17. ராகு 12.00 - 1.30. அவனுடைய உடுப்புகளோடு திருப்பிக் கொடுக்கப்பட்டதாம். யாரோ என் பிள்ளைக்குச் சாவுக்கு நாள் குறித்து அனுப்பியிருக்கிறார்கள், அதைத்தான் அவன் பொக்கற்றில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தாவாம். ஒருவருக்கும் காட்டவில்லை. அந்தத் தாளைப் பார்த்தால் நித்திரை வராதாம். எறியவும் மனம் வரவில்லையாம்.

"இது உங்கட வீட்டுக் கலண்டரா?" என்று கேட்டா. ஓம் அன்ரி என்றேன். தாளை ஒரு தரம் தடவித் திரும்பவும் புத்தகத்துக்குள் வைத்தா. பிறகு என் கையைப் பிடித்தா.

"காலமை என்னோட சண்டை பிடிச்சுக்கொண்டு சாப்பிடாமல் போனவன், பிள்ளை. வடை திண்டவனா?"

"ஏழு வடை திண்டவன் அன்ரி. உப்புக் காணும் எண்டு சொன்னவன்."

அன்ரி மெல்லச் சிரித்தா. தம்பி, அந்தச் சிரிப்பைப் பார்க்க நீ அங்கே இருந்திருக்க வேண்டும்.

வதனி அக்கா

---

பேர்கன்,
21.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் ரஜனியும் மிகவும் சுகம். அத்தானின் சீனி எப்படி? கேட்கக் கூடாது என்றீர்கள், கேட்கிறேன்.

நீங்கள் சொன்னபடி முதலில் கையெழுத்தில் வாசித்தேன். பிறகு அவன் குரலில் கேட்டேன். நான் ரெக்கோர்ட் பண்ணும் லட்சணத்தைப் பற்றிச் சொன்ன இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். அவனை நினைத்துச் சிரித்து எவ்வளவு காலம். ரஜனி அறைக்குள் ஓடி வந்து பார்த்தாள். அவளுக்கும் போட்டுக் காட்டினேன். நல்ல குரல் என்றாள்.

ஐந்து பாகமும் வெளிவந்துவிட்டன. யார் கொன்றது என்று கடைசி வரை சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்று ருஷ்தா நேர்மையாகவே சொல்லிவிட்டா. கினியின் அண்ணன் வந்து, அன்றைக்குப் பின்னேரம் தன் தம்பி தேத்தண்ணி வைத்துக்கொண்டு றேமண்டுக்குக் காத்திருந்தான் என்று சொன்னதைப் பார்த்தீர்களா? நான் அவனை நம்பாமல் விட்டதற்கு அவரிடம் ஒரு நாள் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான்காம் பாகத்தின் பெயரை 'ஏழு வடை' என்று மாற்றியிருக்கிறா. பஸ்ஸில் ஏறும் அந்தப் பையன் நேற்று முன்சீட்டிலேயே வந்து இருந்தான். "அண்ணா, அக்காட்ட வடைக்குப் பக்குவம் கேட்டுச் சொல்லுவீங்களா?" என்றான்.

மார்கழியில் வருகிறோம். பதினான்கு வருடத்துக்குப் பிறகு. வந்து இறங்கிய அடுத்த நாளே நீங்களும் நானும் மெற்றில்டா அன்ரியைப் பார்க்கப் போகலாம். நிறைய வடை சுட்டுக்கொண்டு போவோம்.

வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று மட்டும் கலண்டரைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் சரிபார்க்கமாட்டேன்.

உங்கள் தம்பி,
சுகி